கொல்லையில் ஒரு தொட்டிக் குளம்

கிராமத்து வீடொன்றின் கொல்லைப்புறத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தால், தண்ணீர் நிற்கக்கூடிய பாண்டங்கள் ஐந்தாறாவது கண்ணில் படும். துணி துவைக்கும் கல்லின் அருகே ஒரு சிமெண்டுத் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவந்த பழைய கல்தொட்டி, பயனின்றிக் கிடக்கும் ஆட்டுக்கல், வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம், எவரோ போட்டுவிட்டுப் போன டயர். இரண்டு நாள் மழை பெய்தால் இவை யாவற்றிலும் தண்ணீர் தேங்கிவிடும். தண்ணீர் போதவில்லை என்று ஆண்டுதோறும் முறையிடும் நாம், வீட்டுக்கு வீடு இப்படித் தண்ணீரை ஒருவருக்கும் பயனில்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒருவருக்கும் பயனில்லை என்பது முழு உண்மையன்று. கொசுவுக்கு அது பெரும்பயன் தருகிறது.

இத்தகைய பாண்டங்களுள் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு, ஏனையவற்றை அப்புறப்படுத்திவிட்டு, அந்த ஒன்றில் அல்லியும் மீனும் வாழும்படி ஒரு சிறு குளம் அமைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். ஏரி தூர் வாருதல், பண்ணைக்குட்டை வெட்டுதல் ஆகிய பெரிய வேலைகளைப் பற்றி எழுத வேண்டிய பக்கங்களில் மூன்றடித் தொட்டிக்கு என்ன இடம் என்று சிலர் கருதக்கூடும். ஏரியைத் தூர் வார வேண்டுமானால் மதிப்பீடு, அனுமதி, நிதி எல்லாம் கூடிவர வேண்டும். கொல்லைத் தொட்டிக்கு வீட்டாரின் இசைவு ஒன்றே போதும். ஆயினும் அதைச் சரியாக அமைக்காவிட்டால் நன்மைக்குப் பதிலாகத் தீமையே விளையும் என்பதால், சற்று விரிவாகவே எழுத நேர்கிறது.

கவிழ்ப்பதா, நிரப்புவதா?

எமது வட்டாரத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசியபோது, மூத்த அம்மையார் ஒருவர் எழுந்து நம்மைக் கேட்டார்: “ஐயா, போன வாரம் உங்கள் ஆட்கள் வந்து சட்டி பானை எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் நின்றால் அபராதம் என்றார்கள். இப்போது நீங்களே வந்து தொட்டியில் தண்ணீர் நிறுத்தச் சொல்கிறீர்களே, நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?” கூட்டம் சிரித்தது. ஆனால் கேள்வி மிகவும் நியாயமானது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு உற்பத்தியாகும்படி தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது என்னும் விதி உண்டு. 2012-ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பக்கத்திலும், 2017-ஆம் ஆண்டில் மாநிலத்தின் பல மாவட்டங்களிலும் டெங்குக் காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை நாம் எவரும் மறக்கவில்லை. அந்த அச்சம் இருக்க வேண்டியதுதான். அம்மையாருக்கு நாம் சொன்ன விடையை இங்கே முழுமையாக எழுதுகிறோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. சிறு பாண்டங்களில் நிற்கும் தெளிந்த தண்ணீரே அதற்கு உகந்தது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் அது முட்டைகளை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அம்முட்டைகள் சாவதில்லை. பல மாதங்கள் உலர்ந்து கிடந்து, மீண்டும் நனைந்தவுடன் பொரிக்கும். நமது வெப்பத்தில் முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறந்துபோவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். இந்தக் கொசு நெடுந்தூரம் பறப்பதன்று. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடிகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பகலில் கடிக்கும். ஆகையால் நம் வீட்டுக் குழந்தைக்கு வந்த காய்ச்சலின் மூலத்தை ஊர்க்கோடிக் குட்டையில் தேடுவதைவிட நம் கொல்லையிலும் அடுத்த வீட்டுக் கொல்லையிலும் தேடுவதே பொருத்தம்.

இனி ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரியும் குளமும் பரந்த அளவில் தண்ணீரைத் தாங்கி நிற்க, அங்கே இக்கொசு பெருகுவதில்லை. உடைந்த குடத்தில் பெருகுகிறது. ஏரியில் மீன் உண்டு, தவளைக் குஞ்சு உண்டு, தட்டாரப்பூச்சியின் நீர்வாழ் புழு உண்டு. இவை யாவும் கொசுப்புழுவைத் தின்பவை. கொசுப்புழு தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேற்பரப்புக்கு வந்தே தீர வேண்டும். வரும்போது மீன் வாயில் அகப்படுகிறது. உடைந்த குடத்திலோ அதற்குப் பகை எதுவும் இல்லை. அது உயிரற்ற தண்ணீர். நமது தொட்டியை ஏரியைப் போன்று உயிருள்ள தண்ணீராக ஆக்கிவிட்டால், சுற்றுப்புறத்துக் கொசு அங்கே முட்டையிட வரும். முட்டையிலிருந்து புழு வரும். புழுவிலிருந்து கொசு வராது. இதைத்தான் அம்மையாரிடம் சொன்னோம். மீன் இல்லாத தொட்டி எதுவானாலும் கவிழ்க்க வேண்டியதே என்றும், குடிநீரைச் சேமிக்கும் பாண்டங்களை இறுக மூடி வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் அத்துடன் சேர்த்துச் சொன்னோம்.

தொட்டியும் இடமும்

எவ்வளவு சிறிய பாண்டத்திலும் குளம் அமைக்கலாம் என்று சொல்வார்கள். நாம் அதை ஒப்புவதில்லை. வாளியளவுத் தண்ணீர் நண்பகலில் வெந்நீராகிறது, இரவில் குளிர்கிறது. அதில் மீன் நீடித்து வாழாது. மீன் செத்தால் மறு வாரமே அது கொசுத் தொட்டியாகிவிடும். குறைந்தது 200 லிட்டராவது கொள்ள வேண்டும். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை இதற்கு மிகவும் ஏற்றது. மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள உறை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 200 லிட்டர். இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டடி ஆழம் கிடைக்கும். விளிம்பின் கீழ் நான்கு அங்குலம் விட்டு நிரப்பினால் 330 லிட்டர் அளவில் தண்ணீர் நிற்கும். (உறையை அடுக்கித் தண்ணீரைக் காப்பது நம் நாட்டில் புதிதன்று. கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளை வாசகர்களில் பலர் நேரில் கண்டிருப்பர்.) பழைய கல்தொட்டி பெரிதாக இருந்தால் உறைக்குச் செலவழிக்க வேண்டியதே இல்லை. மருந்தோ இரசாயனமோ இருந்த பிளாஸ்டிக் பீப்பாயை மட்டும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், தொடவேண்டாம்.

மண்ணை அரையடி ஆழம் வட்டமாகத் தோண்டி, தரையை நன்றாகத் திமிசு அடித்து, சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சிறு ஜல்லி நான்கு பங்கு கலந்த கான்கிரீட்டை மூன்று அங்குலக் கனத்துக்குப் போட வேண்டும். அது இறுகுமுன் முதல் உறையை அதன்மேல் அமர்த்திவிடலாம். இணைப்புகளையும் உட்புறத்தையும் ஒன்றுக்கு மூன்று சிமெண்டுக் கலவையால் பூசி, பத்து நாள் ஈரம் காய விடாமல் காக்க வேண்டும். கொத்தனார் ஒருவருக்கு அரைநாள் வேலை. மேல் விளிம்பிலிருந்து நான்கு அங்குலத்துக்குக் கீழே ஓர் அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைப் பூச்சிலேயே பதித்து, அதன் வாயில் கொசுவலைத் துணி கட்டிவிடுவது அவசியம். ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழியும்போது மீன் வெளியே போகாமல் இருப்பதற்கு இதுவே வழி. வழியும் நீர் தெருச் சாக்கடைக்குப் போகாமல் வாழைப் பாத்திக்குப் போகட்டும்.

அரையடி மண்ணுக்குள் இருப்பதால் தண்ணீர் குளுமையாக இருக்கும். ஒன்றரையடி தரைக்கு மேல் இருப்பதால் மழையில் அடித்துவரும் அழுக்கு உள்ளே சேராது. ஆனால் இந்த ஒன்றரையடிச் சுவர் தவழும் குழந்தையைத்தான் தடுக்கும். இரண்டு வயதுக் குழந்தை எட்டிப் பார்த்தால் தலைகீழாக விழும். சிறு பிள்ளை மூழ்குவதற்கு ஒரு சாண் தண்ணீரும் போதும், அதுவும் சத்தமில்லாமல் நடந்துவிடும். ஆகையால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டிலும், அத்தகைய பிள்ளைகள் வந்துபோகும் வீட்டிலும், இரண்டு அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பி வலையைத் தொட்டியின் வாய் முழுவதும் மூடிப் பொருத்தியாக வேண்டும். எளிதில் தூக்க முடியாதபடி நான்கு இடங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெயிலும் மழையும் வலையின் வழியே வரும், அல்லிப் பூவும் அதன் கண்களுக்கிடையே தலைநீட்டும். வலைக்குப் பணம் இல்லையென்றால் குளத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதே நல்லது. இதில் மட்டும் நாம் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடம் தருவதற்கில்லை.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் பட்டு, உச்சிப்பொழுதுக்குப் பின் சுவரின் நிழல் விழும் இடம் சிறந்தது. புளி, முருங்கை, வேம்பு ஆகியவற்றின் கீழ் வைத்தால் பொடி இலை விழுந்து அழுகும். அடுப்படியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் தினமும் பார்வை படும். மாடியில் வைக்க ஆசைப்படுவோர், 330 லிட்டர் தண்ணீரின் எடை 330 கிலோ என்பதையும், தொட்டியின் எடை அதற்கு மேலென்பதையும் நினைக்க வேண்டும்.

புதுச் சிமெண்டின் காரம்

தொட்டி கட்டி நிரப்பிய மறுநாளே மீன் விடுவோர் பலர். மீன் மறுநாள் மிதக்கும். ‘எங்கள் வீட்டுக்கு மீன் ராசியில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் கரைந்து, அதைக் கடுங்காரமாக ஆக்கிவிடுகிறது. மீனின் செவுள் அதைத் தாங்காது. தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புளியைக் கரைத்தும் தேய்க்கலாம். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்த பிறகே தொட்டி உயிருக்கு இடம் கொடுக்கும். ஒவ்வொரு ஊறலும் ஏழு நாட்களைத் தாண்டக் கூடாது. காரணம் மேலே சொல்லியாகிவிட்டது.

நிரப்புவதற்கு மழைத்தண்ணீரே முதல் தரம். 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட பிறகு எத்தனையோ வீடுகளில் கூரையிலிருந்து குழாய் இறங்குகிறது. நூறு சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 235 லிட்டர் அளவில் கிடைக்கும். முதல் மழையின் அழுக்கை விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்தால் இரண்டு மழையில் குளம் நிரம்பும். ஊராட்சிக் குழாய்த் தண்ணீரானால் அதில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் வெயில் படும்படி இரண்டு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீரில் மீன் பிழைத்தாலும் அல்லி செழிக்காது.

அல்லியும் பிறவும்

தாமரையை விரும்புவோரே அதிகம். மூன்றடித் தொட்டிக்குத் தாமரை தகாது. அதன் தண்டு சேற்றில் ஓடிப் பரவ இடம் தேடும். அல்லியோ ஒரு மண்சட்டிக்குள் அடங்கி வாழும். வெள்ளாம்பலோ, செவ்வல்லியோ, நீலோற்பலமோ, அவ்வூர்க் குளத்தில் உள்ளதிலிருந்து ஒரு கிழங்கைக் கேட்டு வாங்கினால் போதும். அகன்ற வாயுள்ள சட்டியில் வயல் களிமண்ணை முக்கால் பாகம் நிரப்பி, கிழங்கை நட்டு, மேலே ஓர் அங்குலம் மணல் பரப்ப வேண்டும். மணல் இல்லாவிடில் களி கலங்கிக்கொண்டே இருக்கும். எரு இடும் ஆசையை அடக்கிக்கொள்வது நலம். பச்சைச் சாணத்தை இட்டால் தண்ணீர் நாறும். முதலில் சட்டியைச் செங்கற்களின்மேல் வைத்து, மேலே அரையடித் தண்ணீர் நிற்கும்படி செய்து, இலைக்காம்பு நீள நீளச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியை அடிக்கு இறக்கலாம்.

இலை விரிவது அழகுக்கு மட்டுமன்று. தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடியிருந்தால் வெயில் உள்ளே இறங்காது, பச்சைப் பாசி கட்டாது, தண்ணீரும் சூடேறாது. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும் பிராணவாயு, 30 பாகையில் ஏழரை அளவுக்கு இறங்கிவிடுகிறது. கோடை விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால், அவை இரை கேட்கின்றன என்று எண்ணி இரை போடுகிறோம். உண்மையில் அவை மூச்சுக்குத் திணறுகின்றன. அப்போது ஒரு குடம் தண்ணீரை உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுவதே உதவி.

நீருக்குள் வேலம்பாசி இரண்டு பிடி இருக்கட்டும். பகலில் அது பிராணவாயுவை விடும். மீன் குஞ்சு ஒளிய இடமும் தரும். தொட்டியின் ஓரமாகச் செங்கல் அடுக்கி, அதன்மேல் சிறு சட்டிகளில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் நீர்ப்பிரமியும் வைத்தால், வாரத்துக்கு ஒரு வேளைத் துவையலோ பொரியலோ அங்கிருந்தே கிடைக்கும். எமது வட்டாரத்தில் குளம் வைத்த வீடுகளில் பெண்களுக்கு மிகவும் பிடித்தது அல்லியன்று, இந்தக் கீரைதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு செடிகள் கூடவே கூடாது. ஒன்று, ஊதாப் பூப் பூக்கும் வெங்காயத்தாமரை. ஏரிகளை மூடி நிற்கும் அதைக் கொல்லைக்கும் அழைத்து வருவானேன்? மற்றொன்று, ரோஜா வடிவில் மிதக்கும் ஆகாயத்தாமரை. பார்ப்பதற்கு அது சாதுவாகவே இருக்கும். ஆனால் மான்சோனியா என்னும் ஒருவகைக் கொசுவின் புழு, மூச்சுக்கு மேலே வராமலே, இத்தகைய மிதவைச் செடிகளின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றைக் குடித்து வாழும். மேற்பரப்பில் காத்திருக்கும் மீன் அதைப் பிடிக்க முடியாது. யானைக்கால் நோயில் ஒருவகையைப் பரப்புவது இந்தக் கொசு. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் 1980-களில், புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் மக்களைக்கொண்டு குளங்களிலிருந்து இச்செடிகளை அகற்றச் செய்தமைக்கு இதுவே காரணம்.

எந்த மீன்?

கொசு ஒழிப்புக்குக் கம்பூசியா மீனை அரசு அலுவலகங்கள் நெடுங்காலம் வழங்கி வந்திருக்கின்றன. 1928-இல் இத்தாலியிலிருந்து நம் நாட்டுக்கு வந்த மீன் அது. கொசுப்புழுவை நாளொன்றுக்கு நூறுக்கு மேல் தின்னும் என்பது உண்மையே. ஆனால் முரட்டு மீன். ஏரிக்குள் புகுந்தால் நம் நாட்டுச் சிறு மீன்களின் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்றுவிடும். நமது அபிப்பிராயத்தில் கொல்லைக் குளத்துக்கு முதலில் நாடவேண்டியது முண்டக்கண்ணி. வாய்க்காலிலும் வயலோரத்திலும் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும், தலை உச்சியில் வெள்ளிப் பொட்டுப்போல் ஒன்று மின்னும், மேல்நோக்கிய வாயுடைய அந்தச் சிறு மீனைப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் அறிவார்கள். கொசுப்புழுவுக்கென்றே அமைந்த வாய் அது. துள்ளிக் குதிக்கும் இயல்புடையது. விளிம்பின் கீழ் நான்கு அங்குலம் விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முண்டக்கண்ணி கிடைக்காத ஊர்களில் கப்பி மீனை விடலாம். அதுவும் அயல்நாட்டு மீனே. ஆனால் எல்லா ஊர்களிலும் கிடைக்கும், எளிதில் சாகாது, முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும், நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஈன்றுகொண்டே இருக்கும். பெருகிவிட்டதென்று அதை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. கண்ணாடித் தொட்டிகளிலிருந்து கொட்டப்பட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன் இன்று பல ஏரிகளில் வலையைக் கிழித்து மீனவரை வருத்துகிறது. மிகுந்த கப்பிகளை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதே முறை. ஒரு தெருவில் ஒரு வீட்டில் குளம் நிலைத்தால் மற்ற வீடுகளுக்கு மீன் வாங்கச் செலவில்லை.

தொடக்கத்தில் ஐந்தாறு மீன்களே போதும். மீனின் கழிவு அம்மோனியாவாகும். அது மீனுக்கே நஞ்சு. தொட்டியின் சுவரிலும் மணலிலும் மெல்ல மெல்லக் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரமாகும். அதற்குள் முப்பது மீனை விட்டால் தொட்டி தாங்காது. அந்தக் காலத்துக்குப் பிறகு பன்னிரண்டு, பதினைந்து வரை இருக்கலாம். இரை போட வேண்டிய அவசியமில்லை. விருந்தினர் வந்தால் பொரியை அள்ளிப் போட்டு வேடிக்கை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தின்னாத பொரி அழுகும். தின்று வயிறு நிறைந்த மீன் கொசுப்புழுவைத் தேடாது.

மீன் வளர்த்து விற்கலாமா என்று எல்லாக் கூட்டங்களிலும் கேட்கிறார்கள். கட்லா, ரோகு போன்ற உணவு மீன்களைக் குளத்தில் வளர்ப்போர் ஓர் எக்டருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் வரை விடுவர். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு மிஞ்சினால் ஒரு மீன். நமது தொட்டியின் பரப்பு முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் தொட்டியில் மீன் வளர்த்து மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று எவரேனும் சொன்னால், அவர் விற்க வந்தது தொட்டியை என்று அறிக. ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குறைந்த தண்ணீரில் வளர்க்கலாம் என்று காதோடு சொல்வாரும் உண்டு. அது அரசு தடைசெய்த மீன்.

வாரத்துக்கு ஒரு நாள்

கோடையில் தொட்டியிலிருந்து நாள்தோறும் ஐந்தாறு லிட்டர் ஆவியாகப் போகும். அரைக் குடத்துக்கு மேல் இராது. குறைவதை மட்டும் ஊற்றிக்கொண்டே வந்தால் உப்பு தங்கிப் பெருகும். ஆவியாவது தண்ணீர், உப்பன்று. ஆகையால் வாரத்துக்கு ஒரு நாள் அடியிலிருந்து இரண்டு குடத்தை இறைத்துக் கீரைப்பாத்திக்கு விட்டு, அதே அளவு நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர் கீரைக்கு நல்ல உரம். குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒருபோதும் தொட்டிக்குள் வரக் கூடாது. அவற்றுக்கு உறிஞ்சு குழி இருக்கிறது.

அதே நாளில் சோதனையும் நடக்க வேண்டும். வெள்ளைக் கிண்ணம் ஒன்றை இலைகளுக்கிடையே, சுவரோரமாக, சாய்த்து அமிழ்த்தி எடுத்துப் பார்க்கவும். நெளியும் புழு அகப்படக் கூடாது. அகப்பட்டால் மீன் போதவில்லை, அல்லது இலை அடர்ந்து மீன் புக முடியாத மூலை ஏதோ இருக்கிறது என்று பொருள். வல்லாரைச் சட்டியின் குழிவிலும், அல்லியின் சுருண்ட பழைய இலையிலும் நிற்கும் கைப்பிடித் தண்ணீரை மறப்போர் மிகுதி. கொசு ஒழிப்புப் பணியாளர் வரும்போது கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். புழுவில்லாத தொட்டியைக் கவிழ்க்க மாட்டார்கள். பிளீச்சிங் பவுடரை மட்டும் அதில் போட வேண்டாமென்று கேட்டுக்கொள்ள வேண்டும்; மீன் ஒன்றும் மிஞ்சாது.

மடையான் வரும், மீன்கொத்தி வரும், பூனையும் வரும். கம்பி வலை இருந்தால் இவற்றுக்கும் அது காப்பு. தவளை தானே வந்து சேரும். தவளையைத் தேடிப் பாம்பு வருமே என்று அஞ்சுவது வீணன்று. ஆயினும் பாம்பு தங்குவது தண்ணீரில் அன்று, பக்கத்தில் அடுக்கிவைத்த செங்கல்லிலும் விறகிலும் ஓலைக் குவியலிலுமே. தொட்டியைச் சுற்றி ஐந்தடிக்குத் தரை சுத்தமாக இருக்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் அங்கே போகக் கூடாது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் பத்து நாள் வரை கவலைப்பட வேண்டியதில்லை. விளிம்பின் கீழ் நான்கு அங்குலம் வரை நிரப்பிவிட்டுப் போனால் போதும். அதற்கு மேலானால் அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். குளத்தை வைத்துக்கொள்ள இனி முடியாது என்னும் நிலை வந்தால், மீனையும் அல்லியையும் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பாத்திக்கு இறைத்து, தொட்டியின் உட்சுவரை, முக்கியமாகத் தண்ணீர் மட்டம் இருந்த கோட்டுக்கு மேலும் கீழும், தேங்காய் நாராலும் சோப்புத் தூளாலும் அழுந்தத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் அப்போதுதான் போகும். பிறகு தொட்டியை மண்ணால் நிரப்பிக் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ நட்டுவிடலாம்.